ஜேன் ஆஸ்டினின் பெண்கள் 'மாட்டேன்' என்று சொன்னால் என்ன ஆகும்?

கேள்வி இதுதான்: ஜேன் ஆஸ்டினின் ஆறு நாவல்களும் கல்யாணத்தில் முடிகின்றன. வசதியான மாப்பிள்ளை, புத்திசாலிப் பெண், நடுவில் கொஞ்சம் மனத்தாங்கல், கடைசியில் சுபம். இதில் பெண்களின் நிலை பற்றிய சமூக விமர்சனம் இருக்கிறது என்கிறார்களே, அது எங்கே இருக்கிறது?

கடைசி அத்தியாயத்தில் தேடினால் கிடைக்காது. அதற்கு முன்னால், ஒரு பெண் 'மாட்டேன்' என்று சொல்லும் இடங்களைப் பாருங்கள். 'நார்த்தாங்கர் ஆபி'யில் ஹென்றி டில்னி நடன அரங்கில் நின்றுகொண்டு, நடனமும் கல்யாணமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று வேடிக்கையாக வாதம் செய்வான். இரண்டிலும் தேர்ந்தெடுக்கும் வசதி ஆணுக்கு, மறுக்கும் அதிகாரம் மட்டுமே பெண்ணுக்கு என்பான். அவனுக்கு அது பேச்சு சுவாரசியம். ஆஸ்டினோ அந்த ஒரே அதிகாரத்தைப் பயன்படுத்தும் பெண்ணுக்கு என்னென்ன செலவாகும் என்று நாவலுக்கு நாவல் கணக்குப் போட்டிருக்கிறார். நிஜமாகவே பவுண்டுக் கணக்கு.

அந்தக் கணக்கு புரிய அன்றைய சட்டம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஆஸ்டின் வாழ்ந்தது 1775 முதல் 1817 வரை. அந்தக் கால இங்கிலாந்தில் கல்யாணமானதும் மனைவியின் கையிருப்பும் நகையும் கணவனுடையவை ஆகிவிடும். அவளுக்கு நிலம் இருந்தால் அதன் வருமானமும் அவன் கைக்குத்தான் போகும். மனைவிக்கென்று சொந்தச் சொத்து இருக்கலாம் என்பதை நாடாளுமன்றச் சட்டம் ஒப்புக்கொண்டது 1870, 1882 ஆண்டுகளில்தான். பணக்காரக் குடும்பங்கள் கல்யாணத்துக்கு முன்பே வக்கீல் வைத்து, பெண்ணின் பணத்தை அறங்காவலர்கள் பொறுப்பில் எழுதிவைத்துத் தப்பித்துக்கொண்டன. எஸ்டேட் பெரும்பாலும் மூத்த மகனுக்கு. சில குடும்பங்களில் ஆண் வாரிசுக்கு மட்டும்தான் என்று முன்னோர்களே கட்டிப்போட்டிருப்பார்கள். இப்படிப்பட்ட வீட்டுப் பெண் வேலைக்குப் போக வேண்டுமென்றால், பணக்கார வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் கவர்னஸ் வேலைதான். அதற்குப் போனாலே குடும்பம் நொடித்துவிட்டது என்று ஊர் புரிந்துகொள்ளும்.

'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' (1811) நாவலின் முதல் இரண்டு அத்தியாயங்களில் இதெல்லாம் கதையாகவே வந்துவிடுகிறது. நோர்லண்ட் எஸ்டேட்டின் கிழவரை அண்ணன் மகனின் குடும்பம், அதாவது மருமகளும் மூன்று பேத்திகளும், வருஷக்கணக்கில் கூடவே இருந்து கவனித்துக்கொள்கிறது. உயிலைப் பிரித்துப் பார்த்தால், எஸ்டேட் கடைசியில் போய்ச் சேர்வது அந்த அண்ணன் மகனுடைய முதல் தாரத்து மகன் ஜான் டாஷ்வுட்டுக்கும், அவனுடைய சின்னப் பையனுக்கும். பையன் எப்போதாவது வந்தபோது தாத்தாவைக் கவர்ந்துவிட்டானாம். எதனால்? மழலை, பிடிவாதம், குறும்பு, ஏகப்பட்ட சத்தம் என்று ஆஸ்டின் முகத்தில் சிரிப்பே இல்லாமல் பட்டியல் போடுகிறார். பெண்கள் அத்தனை வருஷம் செய்த பணிவிடைக்கு ஆளுக்கு 1,000 பவுண்டு.

பிறகு அந்தப் பெண்களின் அப்பாவும் இறந்துபோகிறார். சாகும்போது, சித்தியையும் தங்கைகளையும் பார்த்துக்கொள் என்று ஜானிடம் வாக்கு வாங்குகிறார். ஜானும் தங்கைக்கு ஆளுக்கு 1,000 வீதம் 3,000 பவுண்டு கொடுப்பதென்று முடிவு செய்கிறான். இரண்டாம் அத்தியாயம் முழுக்க அவனும் மனைவி ஃபேனியும் பேசுகிற பேச்சு, அவ்வளவுதான். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை. நம் பிள்ளை வாயில் மண்ணைப் போடலாமா என்று அவள் ஆரம்பித்ததும், 1,000 என்பது 500 ஆகிறது. 500 எதற்கு, சித்திக்கு வருஷம் 100 கொடுத்துவிடலாமே என்கிறான். ஐயோ, வருஷாந்திரப் பணம் என்று எழுதிவைத்தால் வாங்குகிறவர்கள் சாகவே மாட்டார்கள், சித்திக்கு இன்னும் நாற்பதுகூட ஆகவில்லை, உடம்பும் கல்லு மாதிரி இருக்கிறது என்கிறாள் அவள். சரி, அப்போ எப்போதாவது 50 பவுண்டு அன்பளிப்பு. அதுவும் குறைந்து, வீடு மாறும்போது சாமான் ஏற்ற உதவுவது, சீசனில் மீனும் வேட்டைக்கறியும் அனுப்புவது என்று முடிகிறது. நாலு பெண்களுக்கு வருஷம் 500 பவுண்டு இருக்கிறதே, வண்டி கிடையாது, குதிரை கிடையாது, விருந்தினர் கிடையாது, அவர்களுக்கு என்ன செலவு, அவர்கள்தான் நமக்குக் கொடுக்க வேண்டும் என்பது ஃபேனியின் தீர்ப்பு. கூடவே ஒரு மனக்குறை: சித்தி எடுத்துக்கொண்டு போகிற காலைச் சிற்றுண்டிப் பீங்கான் செட் இந்த வீட்டுச் செட்டைவிட ரொம்ப அழகாக இருக்கிறதாம்.

இந்தக் காட்சியில் யாரும் குரலை உயர்த்தவில்லை, சட்டத்தை மீறவில்லை. ஜான் கெட்டவன்கூட இல்லை, மனைவி சொன்னதும் நிம்மதி அடைகிற ஆள். கெடுப்பவள் இன்னொரு பெண் என்பதையும் கவனியுங்கள். கணவன் வழியாக மட்டுமே சொத்தைத் தொட முடிகிற பெண், அந்தக் கணவன் காதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறாள். ஆஸ்டினிடம் பெண்களெல்லாம் பாவம், ஆண்களெல்லாம் வில்லன் என்ற பாகப்பிரிவினை கிடையாது. எனக்கு அவரிடம் பிடித்த முதல் விஷயமே அதுதான்.

இந்தப் பின்னணியோடு 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (1813) நாவலுக்கு வாருங்கள். பென்னட் வீட்டு வருமானம் வருஷம் 2,000 பவுண்டு. எஸ்டேட் ஆண் வாரிசுக்கு மட்டும். மகன் பிறப்பான், அவன் வயதுக்கு வந்ததும் அப்பாவும் மகனுமாகச் சேர்ந்து அந்தக் கட்டை அவிழ்த்துவிடலாம் என்று நம்பி பென்னட் ஒரு காசு சேர்க்கவில்லை. வரிசையாக ஐந்து பெண்கள். அவர் கண்ணை மூடினால் வீடு தூரத்து உறவினரான பாதிரியார் காலின்ஸுக்கு. மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று அலைகிற திருமதி பென்னட்டை எல்லோரும் கேலி செய்கிறோம். ஆனால் அந்த வீட்டில் நாளைக்கு எங்கே போய் நிற்பது என்று கவலைப்படுகிற ஒரே பெரிய ஆள் அவள்தான். நகைச்சுவை உணர்வுள்ள அப்பா நூலகத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

காலின்ஸ் எலிசபெத்தைப் பெண் கேட்கும் அத்தியாயம் பலருக்கும் மனப்பாடம். நான் சொல்ல வருவது அதிலுள்ள சிரிப்பைப் பற்றி இல்லை. எலிசபெத் தெளிவாக மறுக்கிறாள். அவன் காதில் அது விழவே இல்லை. பெண்கள் முதலில் மறுப்பதும், சிலசமயம் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை மறுப்பதும் வழக்கம்தானே, மனசுக்குள் சம்மதம்தான் என்கிறான். அடுத்து கணக்குப் பேசுகிறான்: உனக்கு வரப்போவது 1,000 பவுண்டு, அதுவும் உன் அம்மா காலத்துக்குப் பிறகு, இன்னொருவன் வந்து கேட்பான் என்று நிச்சயம் இல்லை, அதனால் நீ மறுப்பதை நான் நிஜமென்று எடுத்துக்கொள்ள முடியாது. தன்னை விளையாட்டுக் காட்டும் நாகரிகப் பெண்ணாக நினைக்க வேண்டாம், மனதில் உள்ளதைப் பேசும் பகுத்தறிவுள்ள ஒரு ஜீவனாக நினைக்கும்படி அவள் கெஞ்சாத குறையாகச் சொல்கிறாள். பலனில்லை. கடைசியில் அவளுக்குத் தோன்றும் வழி என்ன தெரியுமா? அப்பாவைச் சொல்ல வைக்க வேண்டும். ஆண் வாயிலிருந்து வந்தால்தான் அந்த 'இல்லை' இவனுக்குப் புரியும்.

அவள் மறுத்த சில நாட்களுக்குள் அவளுடைய தோழி சார்லட் லூகஸ் அதே காலின்ஸுக்குச் சம்மதம் சொல்கிறாள். வயது 27. அழகு கிடையாது, பணம் கிடையாது. செய்தி தெரிந்ததும் அவளுடைய அம்மா, பென்னட் இன்னும் எத்தனை வருஷம் உயிரோடு இருப்பார் என்று மனக்கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறாள். தம்பிமார்களுக்கு, அக்கா முதிர்கன்னியாகவே இருந்து செத்துப்போவாளோ என்ற பயம் போயிற்று. படித்த, பணமில்லாத பெண்ணுக்கு மானத்தோடு பிழைக்க இருக்கும் ஒரே வழி கல்யாணம்தான்; சந்தோஷம் தருமா தெரியாது, பசியிலிருந்து காக்கும் என்று சார்லட்டின் எண்ணமாக ஆஸ்டின் எழுதும் வாக்கியத்தில் கேலியே இல்லை.

சில மாதம் கழித்து எலிசபெத் அந்த வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறாள். பெரிய, வெளிச்சமான அறை ஒன்று இருக்க, சார்லட் ஏன் பின்பக்கத்துச் சின்ன அறையில் உட்கார்ந்து நாளைக் கழிக்கிறாள் என்று அவளுக்குப் புரியவில்லை. அப்புறம்தான் விளங்குகிறது. காலின்ஸின் அறை சாலையைப் பார்த்தது. மனைவியும் அப்படியொரு கலகலப்பான அறையில் இருந்தால் அவன் ஓயாமல் அங்கே வந்து உட்கார்ந்துகொள்வான். தோட்ட வேலை உடம்புக்கு நல்லது என்று சொல்லி அவனை வெளியே அனுப்பிவைப்பதும் அவள்தான். சார்லட்டைப் பற்றி எனக்கு இரண்டு மனது உண்டு. அவள் தோற்றுவிட்டாள் என்று பாடம் நடத்துபவர்கள் இந்த அறையை மறந்துவிடுகிறார்கள். மறுக்க வசதி இல்லாதவள், கிடைத்ததற்குள் தனக்கு ஓர் அறையைப் பிரித்து எடுத்துக்கொண்டாள்.

எலிசபெத் அதற்குப் பிறகு வருஷம் 10,000 பவுண்டு வருமானமுள்ள டார்சியையும் மறுக்கிறாள். அவள் அதிர்ஷ்டம், டார்சி திருந்தி மறுபடி வருகிறான். வராமல் போயிருந்தால்? அதற்கான பதிலை அடுத்த நாவலில் எழுதினார் என்றுதான் நான் படிக்கிறேன். 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' (1814) நாவலை விரும்புகிறவர்கள் குறைவு. நாயகி ஃபேனி பிரைஸ் வாயில்லாப் பூச்சி, சோகை, அழுமூஞ்சி என்று ஒதுக்குகிறார்கள். என்னைக் கேட்டால் பெண்ணின் நிலை பற்றி ஆஸ்டின் எழுதியதிலேயே துணிச்சலானது இதுதான்.

ஃபேனி ஏழை வீட்டுப் பெண். பத்து வயதில் போர்ட்ஸ்மவுத்திலிருந்து பெரியம்மா வீட்டுக்கு வளர்க்க அழைத்து வருகிறார்கள். பெரியம்மாவின் கணவர் சர் தாமஸ் பெர்ட்ரம், ஆன்டிகுவா தீவில் தோட்டம் வைத்திருப்பவர். ஒருநாள் ஃபேனி அவரிடம் அடிமை வியாபாரம் பற்றிக் கேட்டாளாம், அறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லையாம்; அந்த ஒரு வரியோடு விட்டுவிடுகிறார் ஆஸ்டின். அவளுக்கு 18 வயதாகும்போது ஹென்றி கிராஃபோர்ட் பெண் கேட்கிறான். வருஷம் 4,000 பவுண்டு வரும் எஸ்டேட், நல்ல பேச்சு, நல்ல தோற்றம். அவளுடைய அண்ணனுக்குக் கடற்படையில் பதவி உயர்வும் வாங்கித் தந்திருக்கிறான். ஆனால் அவன் சர் தாமஸின் இரண்டு மகள்களோடும் ஒரே நேரத்தில் விளையாடியதை அவள் கண்ணால் பார்த்தவள். அதைச் சொன்னால் அக்காமார்களைக் காட்டிக்கொடுத்ததாகும். அதனால் காரணம் சொல்லாமல் மறுக்க வேண்டிய நிலை.

32ஆம் அத்தியாயம். வெளியே பனி. சர் தாமஸ் அவளுடைய அறைக்கு வருகிறார். கணப்பில் நெருப்பு இல்லை. ஏன் என்கிறார். குளிரவில்லை, இங்கே ரொம்ப நேரம் உட்காருவதில்லை என்று மழுப்புகிறாள். அந்த அறையில் நெருப்பு மூட்டவே கூடாது என்பது இன்னொரு பெரியம்மா மிஸஸ் நாரிஸின் உத்தரவு என்று அவருக்கு அப்போதுதான் புரிகிறது. கொஞ்சம் வருத்தப்படுகிறார். பிறகு வரன் விஷயத்துக்கு வருகிறார். அவள் மறுத்ததும் முகம் மாறுகிறது. இந்தக் காலத்தில் பெண்களிடம்கூடத் தலைதூக்கும் சுதந்திர மனப்பான்மை அருவருப்பானது, அது உன்னிடம் இல்லை என்று நினைத்திருந்தேன் என்கிறார். பிடிவாதக்காரி, சுயநலக்காரி, நன்றி கெட்டவள். அவள் தேம்பித் தேம்பி அழுகிறாள், முடிவை மாற்றவில்லை. கொஞ்சம் உலாவிவிட்டு வா என்று அனுப்புகிறார். திரும்பி வந்து பார்த்தால் அறையில் நெருப்பு எரிகிறது. இனி தினமும் மூட்டச் சொல்லி உத்தரவு. இவ்வளவு செய்கிறவரிடம் எப்படி நன்றி இல்லாமல் இருப்பது என்று அவள் இன்னும் குன்றிப்போகிறாள்.

அதிகாரம் கருணையாக வரும்போது அதை எதிர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை இதைவிடக் குறைவான சொற்களில் எழுதியவர்களை நான் படித்ததில்லை. பெரியம்மா லேடி பெர்ட்ரமும் தன் பங்குக்கு, இப்படி ஒரு வரன் வந்தால் ஒப்புக்கொள்வது பெண்ணின் கடமை என்கிறாள். எட்டரை வருஷத்தில் அவள் ஃபேனிக்குச் சொன்ன ஏறக்குறைய ஒரே புத்திமதி இதுதான் என்று ஆஸ்டின் போகிற போக்கில் சேர்க்கிறார். கடைசியில் சர் தாமஸ் அவளைப் பிறந்த வீட்டுக்கே அனுப்பிவைக்கிறார். இடுக்கான வீடு, இரைச்சல், அரைகுறைச் சாப்பாடு. வறுமையைக் கொஞ்சம் ருசித்தால் புத்தி தெளியும் என்பது திட்டம். அதற்கு மருத்துவம் என்றே பெயர் வைக்கிறது நாவல். மறுப்புக்கு விலை இத்தனை வெளிப்படையாக வேறெங்கும் வசூலிக்கப்படவில்லை.

மறுக்காமல் கட்டிக்கொண்டவள் கதியும் பக்கத்திலேயே இருக்கிறது. சர் தாமஸின் மூத்த மகள் மரியா வருஷம் 12,000 பவுண்டுள்ள மக்கு மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டுகிறாள். அவன் மக்கு என்று தெரிந்து, வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம் என்று அப்பா ஒருமுறை கேட்கிறார்; அவள் சம்மதம் என்றதும் அதற்குமேல் துருவாமல் நிம்மதியாக விட்டுவிடுகிறார். பிறகு அவள் அதே ஹென்றியோடு ஓடிப்போகிறாள். விவாகரத்து ஆகிறது. அவளை வீட்டில் சேர்க்காமல், மிஸஸ் நாரிஸோடு கண்காணாத ஊரில் வைத்துவிடுகிறார்கள். ஹென்றிக்கு மனவருத்தத்தோடு சரி. இந்த உலகத்தில் இருவருக்கும் தண்டனை சமமாக இல்லை என்று கதைசொல்லியே குறுக்கே வந்து சொல்கிறார். ஆஸ்டின் இப்படி நேராகப் பேசுவது அபூர்வம்.

'எம்மா'வில் கணக்கு தலைகீழ். எம்மாவிடம் 30,000 பவுண்டு இருக்கிறது. அதனால் நான் கல்யாணமே செய்துகொள்ளப் போவதில்லை என்று அவளால் தைரியமாகச் சொல்ல முடிகிறது. பணமில்லாத முதிர்கன்னியைத்தான் ஊர் சிரிக்கும், பணமிருந்தால் மரியாதைதான் என்று அவளே விளக்குகிறாள். அந்தப் பேச்சில் உதாரணமாக வருவது அதே ஊரில் இருக்கும் ஏழை முதிர்கன்னி மிஸ் பேட்ஸ். பாக்ஸ் ஹில் மலைக்குச் சுற்றுலா போன இடத்தில் அந்த மிஸ் பேட்ஸை எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்துவிடுகிறாள். குடும்ப நண்பர் நைட்லி எம்மாவைத் தனியே கூப்பிட்டுக் கண்டிக்கும்போது நல்ல நடத்தை பற்றி மட்டும் பேசுவதில்லை. மிஸ் பேட்ஸ் ஏழை, வசதியாகப் பிறந்து கீழே இறங்கியவள், வயதாக ஆக இன்னும் இறங்குவாள் என்கிறார். அதே நாவலில் கவர்னஸ் வேலைக்குப் போகத் தயாராகும் ஜேன் ஃபேர்ஃபாக்ஸ், அந்த வேலைக்கு ஆள் பிடித்துக்கொடுக்கும் அலுவலகங்களை மனித மூளையை விற்கும் கடைகள் என்கிறாள், அடிமை வியாபாரத்தோடு ஒப்பிட்டும் பேசுகிறாள். அந்த ஒப்பீடு அத்துமீறியது என்பது என் எண்ணம். அவளுடைய கசப்பு எவ்வளவு என்பதற்கு அளவாக எடுத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் ஆஸ்டினுக்கு ஏட்டுச் சுரைக்காய் இல்லை. அவருடைய அப்பாவின் அக்கா ஃபிலடெல்ஃபியா பெற்றோரை இழந்தவர், கையில் காசில்லை. 1752இல் கப்பலேறிச் சென்னைக்கு வந்தார். கம்பெனி உத்தியோகஸ்தர்களிடையே மாப்பிள்ளை தேடும் அந்தக் காலத்துப் பயணம். அடுத்த வருஷமே கடலூரில், செயின்ட் டேவிட் கோட்டையில் மருத்துவராக இருந்த டைசோ சால் ஹான்காக்கை மணந்தார். ஆஸ்டின் 16 வயதில், 1792இல், முடிக்காமல் விட்ட 'கேத்தரின்' என்ற கதையில், அநாதையான பாதிரியார் மகள் ஒருத்தியை உறவினர் செலவு செய்து வங்காளத்துக்கு அனுப்புகிறார்கள். தன்னைவிட இரு மடங்கு வயதானவனுக்கு அவள் வாழ்க்கைப்படுகிறாள். அது அதிர்ஷ்டம்தானே என்று ஒருத்தி கேட்க, நாயகி வெடிக்கிறாள்: மாப்பிள்ளையின் குணம் எப்படி என்று தெரியவருவதற்குள் காலம் கடந்துவிடுமே, இதற்குப் பெயர் அதிர்ஷ்டமா? அத்தை கதை தெரியாமல் இதை எழுதியிருப்பார் என்று நம்புவது கடினம்.

அவரும் ஒருமுறை மறுத்தார். 1802 டிசம்பரில், 27 வயது நிறைய இருந்தபோது, மேனிடவுன் எஸ்டேட்டின் வாரிசு ஹாரிஸ் பிக்-விதர் பெண் கேட்க, மாலையில் சரி என்றவர் மறுநாள் காலையில் இல்லை என்றார். 1805இல் அப்பா இறந்ததும் அம்மா, அக்கா கசாண்ட்ரா, ஜேன் மூவரும் பெரும்பாலும் சகோதரர்கள் போட்டுத் தந்த பணத்தில் வாழ்ந்தார்கள். 1809இல் வசதியான அண்ணன் எட்வர்ட் சாட்டன் கிராமத்தில் ஒரு வீட்டைக் கொடுத்த பிறகுதான் எழுத்து வேகம் பிடித்தது. முதல் நாவல் ஆசிரியர் பெயரே இல்லாமல், ஒரு சீமாட்டி எழுதியது என்று வெளிவந்து 140 பவுண்டு லாபம் கொடுத்தது. 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' உரிமையை 110 பவுண்டுக்கு விற்றார். அவர் கேட்டது 150. கடைசி வருஷம் அண்ணன் மகளுக்கு எழுதிய கடிதத்தில், தனியாக இருக்கும் பெண்களுக்கு ஏழையாகிவிடும் பயங்கர வழக்கம் இருக்கிறது, கல்யாணத்துக்கு ஆதரவான மிகப் பலமான வாதங்களில் அதுவும் ஒன்று என்கிற பொருளில் கிண்டலடிக்கிறார். மறுப்பதற்கு ஆன செலவைத் தானே கட்டியவர் பேசுகிற பேச்சு.

குறை இல்லையா? இருக்கிறது. வேலைக்காரர்கள் அவர் கதையில் கதவு திறப்பதோடு சரி. எம்மா தோழியாக்கிக் கைவிட்ட, பெற்றோர் யாரென்று தெரியாத ஹாரியட் ஸ்மித் விவசாயியோடு அவளுக்குரிய இடத்துக்கே திரும்பிவிடுகிறாள், அப்பா வெறும் வியாபாரி என்றும் தெரியவருகிறது, கதைசொல்லிக்கு அதில் உறுத்தலும் இல்லை. சொத்துமுறையைக் குறைசொல்லும் பாத்திரங்கள் உண்டு, அதை மாற்றப் புறப்படும் பாத்திரம் இல்லை. நாயகிக்கு மட்டும் நல்ல மாப்பிள்ளை கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்த ஒருத்தியைச் சுற்றி சார்லட், மிஸ் பேட்ஸ், 'பெர்சுவேஷன்' நாவலில் கணவன் விட்டுப்போன சொத்தைக்கூட மீட்க முடியாமல் படுத்திருக்கும் விதவை மிஸஸ் ஸ்மித் என்று எத்தனை பேரை நிறுத்தியிருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். பரிசு ஒருத்திக்குத்தான், சீட்டு எல்லோரும் வாங்கியிருக்கிறார்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்றால், 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' முதல் இரண்டு அத்தியாயங்கள், பிறகு 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' 19 முதல் 22 வரை. காப்புரிமை தீர்ந்த நூல்கள் என்பதால் ஆங்கில மூலம் இலவசமாகவே கிடைக்கும். 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' 32ஆம் அத்தியாயத்தை மட்டும் தனியாக எடுத்துப் படிக்காதீர்கள். நெருப்பில்லாத அந்த அறையில் ஃபேனி எத்தனை குளிர்காலம் உட்கார்ந்திருந்தாள் என்று தெரிய முந்தைய 31 அத்தியாயங்களும் வேண்டும். நடுவில் நாடக ஒத்திகைப் பகுதி கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.